அழிவுக்கு நாள் குறிப்பவர்கள்

மில்லர் முதல் மாயன் காலண்டர் வரை, ராசிக் கட்டம் முதல் காமிக்ஸ் புத்தகம் வரை உலகத்துக்கு எத்தனையோ முறை முடிவுத் தேதி குறித்தாயிற்று. தேதி பொய்த்தாலும் தேதி சொல்பவர்களுக்கு மவுசு குறையாதது ஏன்?

2025 ஜூலை 5, அதிகாலை 4.18 மணிக்கு ஜப்பானுக்குப் பேரழிவு. நிமிடக் கணக்கோடு இப்படி ஒரு செய்தி அந்த ஆண்டின் முதல் பாதியில் கிழக்கு ஆசியாவைச் சுற்றி வந்தது. மூலம், ஒரு காமிக்ஸ் புத்தகம். ரியோ தட்சுகி என்ற ஓவியர் தான் கண்ட கனவுகளை வரைந்து 1999-ல் வெளியிட்ட மங்கா அது. அட்டையில், 2011 மார்ச்சில் பெரும் பேரிடர் என்று ஒரு வரி இருந்தது. 2011 மார்ச் 11-ல் பூகம்பமும் சுனாமியும் ஜப்பானை உலுக்கிய பிறகு, யாரும் சீண்டாமல் கிடந்த அந்தப் புத்தகத்தைத் தேடி அலைந்தார்கள். 2021-ல் வந்த மறுபதிப்பு, அதைவிடப் பெரிய பேரிடர் 2025 ஜூலையில் வரும் என்றது. ஜூலை 5 என்று நாள் குறித்தது தன் எண்ணம் அல்ல என்று தட்சுகி பின்னர் விளக்கினார். அதற்குள் தேதி அவர் கையைவிட்டுப் போயிருந்தது.

ஹாங்காங்கில் ஜப்பான் சுற்றுலாவை ரத்து செய்தவர்கள் ஏராளம். அங்கிருந்து ஜப்பானுக்குப் பறக்கும் விமான சேவைகள் சில குறைக்கப்பட்டன. தேதி, இடம், அளவு மூன்றையும் சொல்லி நிலநடுக்கத்தைக் கணிக்க இன்றைய அறிவியலால் முடியாது என்று ஜப்பான் வானிலை ஆய்வு மையம் விளக்கிப் பார்த்தது. இதற்கிடையே ஜூன் கடைசியில் தெற்கே தோகாரா தீவுகளில் பூமி நூற்றுக்கணக்கான முறை அதிர, வதந்திக்கு இறக்கை முளைத்தது.

ஜூலை 5 வந்தது, போனது. பேரழிவு எதுவும் இல்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜூலை 30-ல் ரஷ்யாவின் கம்சாத்காவில் 8.8 அளவில் பூகம்பம். ஜப்பான் கரையோரத்தில் சுமார் 20 லட்சம் பேரை வெளியேறச் சொன்னார்கள். வந்தவை ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய அலைகள். அது போதுமானதாக இருந்தது. நாள்தான் கொஞ்சம் தள்ளிப்போயிற்று, ஜூலை என்றது ஜூலையில்தானே நடந்தது என்ற பேச்சு அன்றே கிளம்பிவிட்டது. உலகில் 6 அளவுக்கு மேல் பதிவாகும் நிலநடுக்கங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஜப்பானிலும் அதைச் சுற்றியும் நிகழ்கிறது. அந்த நாட்டுக்குப் பூகம்பம் வரும் என்று சொல்ல ஞானதிருஷ்டி வேண்டாம். ஆளை இழுத்தது பூகம்பம் அல்ல, தேதி.

கணக்கு வாத்தியார்களின் ஊழிக்காலம்

நாள் குறிப்பவர்கள் எல்லோரும் புத்தி பேதலித்தவர்கள் என்று நினைத்தால் விஷயம் பிடிபடாது. அவர்களில் பலர் நாணயமானவர்கள், உழைப்பாளிகள், கணக்கில் புலிகள்.

வில்லியம் மில்லர், நியூயார்க் மாகாணத்து விவசாயி. 1812-ல் தொடங்கிய போரில் சண்டையிட்டவர். பைபிளை வரி வரியாகப் படித்தவர். தானியேல் ஆகமத்தில் வரும் 2300 நாட்களை 2300 ஆண்டுகளாக எடுத்துக்கொண்டார். எருசலேமைத் திரும்பக் கட்டப் பாரசீக மன்னர் ஆணையிட்டதாக அவர் கருதிய கி.மு. 457-லிருந்து எண்ணினார். விடை 1843. கிறிஸ்து திரும்பி வரும் காலம் அது என்று 1831 முதல் ஊர் ஊராகப் பேசினார். ஜோஷுவா ஹைம்ஸ் என்ற பாஸ்டன் போதகர் பத்திரிகை நடத்தி அவரை நாடறியச் செய்தார்.

1843 கழிந்தது. அப்போதுதான் ஒரு பிழை கண்ணில் பட்டது. கி.மு. 1-க்கு அடுத்து கி.பி. 1 வந்துவிடுகிறது, நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது. ஆகவே ஓர் ஆண்டைக் கூட்ட வேண்டும். கூட்டினால் 1844. சாமுவேல் ஸ்னோ என்ற மில்லர் இயக்கத்துக்காரர் யூத நாள்காட்டியை வைத்து அக்டோபர் 22 என்று நாளையே குறித்துக் கொடுத்தார். இனி எதற்கு என்று விளைந்ததை அறுக்காமல் நிலத்திலேயே விட்டவர்களும் உண்டு. அன்றிரவு முழுக்க விழித்திருந்தார்கள். 23-ம் தேதியும் வழக்கம்போல் விடிந்தது. அமெரிக்க வரலாற்றில் அந்த நாளுக்குப் 'பெரும் ஏமாற்றம்' என்றே பெயர் நின்றுவிட்டது. அவர்கள் செய்த திருத்தம் இருக்கிறதே, அது சரியான திருத்தம். பூஜ்ய ஆண்டு உண்மையிலேயே கிடையாது. கூட்டலில் தவறில்லை. எதைக் கூட்டுகிறோம் என்பதில்தான் தவறு.

167 ஆண்டுகள் கழித்து அதே நாட்டில் இன்னொருவர். ஹெரால்டு கேம்பிங், கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் இயங்கிய ஃபேமிலி ரேடியோ என்ற கிறிஸ்தவ வானொலியின் தலைவர். படிப்பால் சிவில் இன்ஜினீயர். 1994 செப்டம்பரில் முடிவு வரலாம் என்று ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பார்த்தவர். இந்த முறை 2011 மே 21 என்றார். ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர் நேரப்படி மாலை 6 மணிக்குப் பூகம்பம் தொடங்கி உலகைச் சுற்றிவரும். அக்டோபர் 21-ல் எல்லாம் முடியும்.

அவருடைய கணக்கு இது: 5 என்றால் பரிகாரம், 10 என்றால் முழுமை, 17 என்றால் சொர்க்கம். மூன்றையும் பெருக்கினால் 850. அதை அதனாலேயே பெருக்கினால் 7,22,500. சிலுவையேற்றம் நடந்ததாக அவர் கருதிய கி.பி. 33 ஏப்ரல் 1-லிருந்து அத்தனை நாட்களை எண்ணினால் 2011 மே 21.

இத்தகைய கணக்கின் வசியம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கேட்பவர் கால்குலேட்டரை எடுத்துப் பெருக்குகிறார். 7,22,500 வருகிறது. நாட்களை எண்ணுகிறார், ஒத்துவருகிறது. யாரோ சொன்னதை நம்பவில்லை, தானே சரிபார்த்தோம் என்ற திருப்தி கிடைத்துவிடுகிறது. 5 ஏன் பரிகாரம், 17 ஏன் சொர்க்கம் என்ற கேள்விக்கு மட்டும் கால்குலேட்டரில் பொத்தான் இல்லை. சரிபார்க்க முடிந்த பகுதி, சரிபார்க்க முடியாத பகுதிக்கு ஜாமீன் கொடுக்கிறது.

விளம்பரப் பலகைகளுக்கும் வேன்களுக்கும் கோடிக்கணக்கில் செலவானது. வேலையை விட்டவர்களும் சேமிப்பைக் கரைத்தவர்களும் இருந்தார்கள். மே 21 போனதும், நியாயத்தீர்ப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஆன்மிக வடிவில் நடந்துவிட்டது என்றார் கேம்பிங். அக்டோபர் 21-ம் போனது. 2012 மார்ச்சில், நாள் குறித்தது பாவம், இனிமேல் குறிக்கப்போவதில்லை என்று நேயர்களுக்குக் கடிதம் எழுதினார். இந்தத் தொழிலில் அப்படி ஒரு கடிதம் அபூர்வம். 2013 டிசம்பரில் காலமானார்.

நான்கு லட்சம் மாடுகள்

சிரித்துவிட்டுப் போக முடியாத கதைகளும் உண்டு. 1856-ல் தென்னாப்பிரிக்காவின் ஷோசா மக்களிடையே நொங்கவுசே என்ற பதின்பருவப் பெண், ஆற்றங்கரையில் முன்னோர்களைக் கண்டதாகச் சொன்னாள். இருக்கிற மாடுகளையெல்லாம் வெட்டுங்கள், தானியத்தை அழியுங்கள், விதைக்காதீர்கள். குறித்த நாளில் முன்னோர்கள் புது மந்தைகளோடு எழுந்து வருவார்கள், வெள்ளையர்கள் கடலுக்குள் துரத்தப்படுவார்கள் என்பது சேதி.

அந்த மக்கள் மூடர்கள் அல்ல. பல தலைமுறைகளாகப் பிரிட்டிஷாரிடம் நிலத்தைப் பறிகொடுத்தவர்கள். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த நுரையீரல் நோய் அவர்கள் மந்தைகளை ஏற்கெனவே அழித்துக்கொண்டிருந்தது. எப்படியும் சாகப்போகிற மாடுகளை வெட்டச் சொன்னால் அது அவ்வளவு பெரிய விலையாகத் தெரியாது. மன்னர் சர்ஹிலியே நம்பினார். முதல் தேதி பொய்த்தது. இன்னும் சிலர் மாடுகளை வெட்டாமல் வைத்திருப்பதுதான் காரணம் என்றார்கள். 1857 பிப்ரவரி நடுவில் வந்த கடைசித் தேதியும் பொய்த்தது. அதற்குள் சுமார் 4 லட்சம் மாடுகள் போயிருந்தன. பட்டினியில் இறந்தவர்கள் சுமார் 40,000 பேர். பிழைத்தவர்கள் கூலி தேடிக் குடியேற்றப் பகுதிக்குள் போக, ஆளுநர் ஜார்ஜ் கிரே அவர்களின் நிலத்தில் வெள்ளையர்களைக் குடியமர்த்தினார்.

உகாண்டாவின் கனுங்குவில் 1999 டிசம்பர் 31-ல் உலகம் முடியும் என்று சொன்ன ஒரு மதக்குழு, அது நடக்காமல் போன பிறகு, 2000 மார்ச் 17-ல் நூற்றுக்கணக்கான சொந்த உறுப்பினர்களோடு தீயில் முடிந்தது. நாள் குறிப்பது வெறும் விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் இந்த இரு கதைகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மகர ராசியில் எட்டுப் பேர்

இந்தியாவையும் ஒரு தேதி ஆட்டிவைத்தது. 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சனி ஆகிய ஏழும் மகர ராசியில் கூடின. கேதுவையும் சேர்த்தால் எட்டு. அஷ்டகிரகச் சேர்க்கை. போதாக்குறைக்கு பிப்ரவரி 5-ல் பசிபிக் பக்கம் முழுச் சூரிய கிரகணம் வேறு. பிரளயம் என்று பேசாத ஊர் இல்லை. நாடெங்கும் யாகம், ஹோமம், அகண்ட பஜனை. வண்டி வண்டியாக நெய் நெருப்பில் விழுந்தது. பிரதமர் நேரு சிரித்து ஒதுக்கினார்.

ஒரு ராசியில் கூடுவது என்றால் என்ன? பூமியிலிருந்து பார்க்கும்போது 30 டிகிரி அகலமுள்ள ஒரே திசையில் தெரிகின்றன, அவ்வளவுதான். அந்த நாட்களிலும் சந்திரன் நான்கு லட்சம் கிலோமீட்டருக்குள், சனி நூறு கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். கடலை இழுக்கும் சக்தியில் சந்திரனோடு ஒப்பிட்டால், நமக்கு மிக அருகே வரும் கிரகமான சுக்கிரனுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. புதன், செவ்வாய், குரு, சனிக்கு அதைவிடக் குறைவு.

மூன்று நாட்களும் கழிந்தன. பிப்ரவரி 19-ல் மக்கள் பொதுத்தேர்தலுக்கு வரிசையில் நின்றார்கள். பிரளயம் வராதது ஏன் என்ற கேள்விக்கு யாகம் செய்தவர்களிடம் பதில் தயாராக இருந்தது: யாகம் பலித்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. மரபான யுகக் கணக்கின்படி கலியுகத்தின் ஆயுள் 4,32,000 ஆண்டுகள். அது தொடங்கியது கி.மு. 3102. அதாவது இன்னும் 4,26,000 ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருக்கிறது. கிரகங்களைக் காட்டி மிரட்டியவர்கள் தங்கள் சாஸ்திரத்தின் கணக்கையே புரட்டிப் பார்க்கவில்லை.

2012 டிசம்பர் 21-ல் மாயன்களுக்கு நேர்ந்ததும் இதுதான். மாயன் நீள்கணக்கு நாள்காட்டியில் ஒரு பக்தூன் என்பது 1,44,000 நாட்கள். கி.மு. 3114-ல் தொடங்கிய சுற்றில் 13 பக்தூன்கள் அன்று நிறைந்தன. சுமார் 5,125 ஆண்டுகள். நிறைந்தால் அடுத்தது தொடங்கும், அவ்வளவே. மெக்சிகோவின் பலெங்கே கல்வெட்டில் கி.பி. 4772-ல் வரும் ஒரு நாளைப் பற்றி மாயன்கள் பொறித்து வைத்திருக்கிறார்கள். உலகம் 2012-ல் முடியும் என்று நினைத்தவர்கள் 4772-க்கு ஏன் கல்லை வெட்ட வேண்டும்? இந்தக் கூத்துக்காகத் தங்கள் பண்பாட்டைச் சந்தைச் சரக்காக்குவதாகக் குவாத்தமாலாவின் மாயன் அமைப்புகள் கண்டித்தன. அது யார் காதிலும் விழவில்லை. ஹாலிவுட் ஏற்கெனவே படமெடுத்து முடித்திருந்தது. பிரான்ஸின் புகராஷ் என்ற சிறு கிராமத்தில் மட்டும் உயிர் தப்பலாம் என்று கிளம்பிய வதந்தியால், அங்குள்ள மலைக்குப் போகும் வழியை அடைத்துப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையின் ஐந்து வாசல்கள்

தேதி பொய்த்த மறுநாள் என்ன நடக்கிறது? மேலே சொன்ன கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் தப்பிக்கும் வாசல்கள் ஐந்து தெரிகின்றன. ஒன்று, கணக்கில் பிழை, புதுத் தேதி இதோ. மில்லர் இயக்கம் செய்தது. இரண்டு, நடந்துவிட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. கேம்பிங் சொன்னது. மூன்று, நம் பிரார்த்தனையால் நின்றது. 1962-ன் யாகசாலைகள் சொன்னது. நான்கு, நம்பாதவர்களால் கெட்டது. ஷோசா மக்களைக் கொன்றது. ஐந்து, ஏறக்குறைய நடந்தது. கம்சாத்கா.

ஐந்தும் திறந்திருக்கும்வரை எந்தத் தேதியும் பொய்க்காது. ஆகவே கேள்வி கேட்க வேண்டியது முந்தின வாரம். அன்று ஒன்றும் நடக்காவிட்டால் உங்கள் கணக்கு தவறு என்று ஒப்புக்கொள்வீர்களா? ஆம் என்று முன்கூட்டியே எழுதித் தருபவர் கிடைப்பது கடினம்.

சந்தேகப்படுபவர்களும் தங்களுக்குப் பிடித்த கதைகளைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். 1954 டிசம்பர் 21-ல் பெருவெள்ளம் வரும், பறக்கும் தட்டு வந்து தங்களைக் காப்பாற்றும் என்று காத்திருந்த சிகாகோ பகுதிக் குழு ஒன்றை, லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரின் ஆட்கள் உள்ளே புகுந்து கவனித்தார்கள். நம்பிக்கை பொய்த்ததும் குழு கலையவில்லை, இன்னும் தீவிரமாகப் பிரசாரத்தில் இறங்கியது என்று 1956-ல் அவர்கள் எழுதிய புத்தகம் உளவியல் பாடமாகவே ஆகிவிட்டது. அண்மையில் அந்த ஆய்வின் பழைய ஆவணங்களைப் புரட்டியவர்கள், கவனிக்கப் போனவர்களே குழுவின் போக்கில் தலையிட்டிருக்கிறார்கள், முடிவும் புத்தகம் சொல்வதுபோல் அவ்வளவு நேரானதல்ல என்கிறார்கள். மில்லரின் கதையிலும் இரண்டும் உண்டு. அக்டோபர் 22-க்கு வேறு பொருள் கண்டு, 1863-ல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாக அமைந்தவர்கள் ஒரு பக்கம். மனம் கசந்து சத்தமில்லாமல் விலகிப்போன பெருங்கூட்டம் மறுபக்கம். ஏமாந்தவர்கள் திருந்தவே மாட்டார்கள் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

தேதியில்லாத எச்சரிக்கை

2004 டிசம்பர் 26. அந்தத் தேதியை யாரும் குறித்துக் கொடுக்கவில்லை. காலை 6.28-க்குச் சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவில் பூகம்பம். அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர், அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேல். அவர்களைக் காப்பாற்ற மாதக்கணக்கில் முன்னதாகத் தேதி தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு மணி நேரம் போதும். இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30-ல் கூத்து நடந்தது. இன்னொரு சுனாமி வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகத்திலிருந்தே எச்சரிக்கை. இறந்தவர்களைப் புதைத்துக்கொண்டிருந்தவர்களும் நிவாரணப் பொருள் கொண்டுவந்தவர்களும் கரையை விட்டு ஓடினார்கள். ஆதாரம் என்னவென்று பார்த்தால், பூகம்பத்தை முன்கூட்டியே கணிக்க முடியும் என்று சொல்லிக்கொண்ட ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் தகவல். மத்திய அறிவியல் துறை அமைச்சர் கபில் சிபல் அதில் பொருளில்லை என்று மறுத்தார். அலை வரவில்லை. பசியில் இருந்தவர்களுக்கு அன்றைய சோறும் வரவில்லை.

பூகம்ப மையத்துக்கு வெகு அருகே சிமெலுவே என்றொரு தீவு இருக்கிறது. அதன் மக்கள் தொகை அப்போது சுமார் 78,000. இறந்தவர்கள் ஏழு பேர். 1907-ல் சுனாமியில் அடிபட்ட அந்தத் தீவினர், நடந்ததைப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு. அந்தப் பாட்டில் தேதி கிடையாது. என்ன செய்ய வேண்டும் என்பது இருந்தது. 97 ஆண்டுகள் கழித்து அது உயிர் காத்தது.

தேதி கேட்கும் மனம் தயாராவதில்லை. நாள் தெரிந்தால் அதுவரை காத்திருக்கலாம், தெரியாவிட்டால் இன்றே ஏதாவது செய்தாக வேண்டும். அந்தச் சிரமத்திலிருந்து தப்பிக்கத்தான் நாம் தேதி கேட்கிறோம். ஹைதராபாத்தில் 2007-ல் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. அது எப்போது பூகம்பம் வரும் என்று சொல்வதில்லை. வந்த பிறகு, எத்தனை நிமிடத்தில் எந்தக் கரைக்கு அலை சேரும் என்று சொல்கிறது. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா அருகே 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது எச்சரித்தது. பெரிய அலை இல்லை என்று தெரிந்ததும் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது. 'எங்கள் கணிப்பு ஆன்மிக வடிவில் நிறைவேறியது' என்று யாரும் அறிக்கை விடவில்லை.

சித்திரை 1, 2029

தேதியோடு பேச அறிவியலுக்கும் தெரியும். சுனாமிக்கு மறுநாள், 2004 டிசம்பர் 27-ல், அபோபிஸ் என்று பின்னர் பெயர் பெற்ற ஒரு விண்கல் 2029 ஏப்ரல் 13-ல் பூமியில் மோத 2.7 சதவீத வாய்ப்பு இருப்பதாகக் கணக்கு வந்தது. பெரிய விண்கற்களில் அதுவரை யாரும் பார்த்திராத எண். அதே நாளில், பழைய படங்களில் அதன் தடத்தைக் கண்டுபிடித்துச் சேர்த்ததும், 2029-ல் மோதும் வாய்ப்பு இல்லை என்று தெளிவானது. 2021-ல் ரேடார் ஆய்வுக்குப் பிறகு, அடுத்த 100 ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று நாசா அறிவித்தது. 2025-லும் இதே காட்சி. 2024 ஒய்ஆர்4 என்ற விண்கல் 2032-ல் பூமியில் மோதும் வாய்ப்பு பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை ஏறி, சில நாட்களிலேயே ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கியது.

இரண்டு தொழில்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரிகிறது. தீர்க்கதரிசி தேதியை மாற்றுவார், உறுதியை மாற்ற மாட்டார். விஞ்ஞானி தேதியை அப்படியே வைத்துக்கொண்டு, புதுத் தகவல் வர வர உறுதியை ஏற்றி இறக்குவார், அதையும் ஊரறியச் செய்வார்.

அபோபிஸ் சொன்னபடி வரும். சுமார் 340 மீட்டர் அளவுள்ள அந்தக் கல், பூமிக்கு மேலே சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களுக்கும் உட்புறமாகக் கடந்துபோகும். மிக நெருங்கும் நேரம் இந்தியக் கணக்கில் 2029 ஏப்ரல் 14, அதிகாலை சுமார் 3.15. தமிழ்ப் புத்தாண்டு நாள். அமெரிக்காவுக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும் அது 13-ம் தேதி, வெள்ளிக்கிழமை. வதந்தி கிளப்புபவர்களுக்கு இதைவிடத் தோதான நாள் அமையாது. மார்ச் மாதமே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி இறங்கும். நாசா மறைக்கும் உண்மை என்று தலைப்பும் இருக்கும்.

அந்தச் செய்தியோடு வாதாட விண்வெளி அறிவு தேவையில்லை. சரி, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி போதும். மேட்டுக்கு ஏறு, அடுப்பை அணை, இந்த எண்ணை அழை என்று பதில் வந்தால் நின்று கேளுங்கள். பத்துப் பேருக்கு அனுப்பு என்று வந்தால் அழித்துவிடுங்கள்.